கட்டம் கேக்குதுங்க

கட்டிலின் தலைமாட்டில் அடிக்கோலின் நுனியை வைத்து, கால்மாட்டை நோக்கி முழங்காலாலேயே நகர்ந்துகொண்டிருக்கிறார் காசிநாதன். கட்டிலில் ஒரு டாக்டர் தூங்குகிறார். எழுப்பாமல் அளக்க வேண்டும் என்பதால் மூச்சைக்கூட அளந்துதான் விடுகிறார். கட்டில் ஐந்தடி நாலங்குலம். டாக்டர் ஐந்தடி பத்தங்குலம். மிச்சமுள்ள ஆறங்குல டாக்டர் கம்பிக்கு வெளியே தொங்குவதைக் ‘குறிப்புரை’ என்ற இடத்தில் எழுதிக்கொண்டு, சத்தமில்லாமல் கதவைச் சாத்துகிறார். பிறகு திரும்பத் திறந்து கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா என்று பார்க்கிறார். இல்லை. அதற்கும் ஒரு கட்டம் இருக்கிறது.

தியாகதுருகத்துக்காரர். புள்ளிவிவர உதவியாளர். இருபத்தெட்டு ஆண்டு சர்வீஸில் மாடு எண்ணியிருக்கிறார், கிணறு எண்ணியிருக்கிறார், எண்ணுவதற்குள் இடம் மாறிக்கொண்டே இருக்கும் கோழிகளையும் எண்ணியிருக்கிறார். 1987-இல் அவர் எண்ணுவதற்குக் கிடைத்தவர்கள் இளம் டாக்டர்கள். படிப்பு முடித்து ஐந்தாண்டு ஆகாத ஆஸ்பத்திரி டாக்டர்கள் எப்படி வாழ்கிறார்கள், என்ன பயிற்சி பெறுகிறார்கள், எத்தனை மணி நேரம் வேலை பார்க்கிறார்கள் என்று மேலிடத்துக்குத் தெரிய வேண்டியிருந்தது. எழுபத்திரண்டு கேள்வி கொண்ட பதினோரு பக்கப் படிவமும், அதை நிரப்பும் விதம் பற்றி இருபது பக்கக் கையேடும் வந்து சேர்ந்தன. கையேட்டைக் காசிநாதன் மூன்று முறை படித்தார். அச்சடித்தவர்கள் ஒரு முறையாவது படித்தார்களா என்பது அவருக்கு ஐயம்.

கேள்விகளில் சில சங்கடமானவை. குளிக்கத் தண்ணீர் வருகிறதா, கடைசியாக எப்போது அழுதீர்கள், மேலதிகாரி மரியாதையாகப் பேசுகிறாரா என்றெல்லாம் வரும். டாக்டர்கள் முகம் மாறினால் காசிநாதன் பேனாவைத் தூக்கிக் காட்டி, தம்மை அதிலிருந்து விலக்கிக்கொள்வார். “நான் கேக்கலீங்க. கட்டம் கேக்குதுங்க.”

கேட்டதை மட்டும் நம்புகிறவர் அல்லர். சாப்பாட்டு இடைவேளை எத்தனை நிமிடம் என்று டாக்டர் சுபாஷிடம் கேட்டபோது, இட்லி எத்தனை என்றால் சொல்லலாம், நிமிஷம் எவனுக்குத் தெரியும் என்று பதில் வந்தது. மறுநாள் காலை காசிநாதன் கைக்கடிகாரத்தோடு எதிரே உட்கார்ந்துவிட்டார். நான்கு இட்லி, மூன்று நிமிடம் பத்து நொடி. நான்காவது இட்லி நடந்துகொண்டே. சென்ற ஆண்டு பெற்ற பயிற்சி வகுப்புகள் எத்தனை என்ற கேள்விக்கு, “ஒன்னு சார்” என்றார் சுபாஷ். “எத பத்திங்க?” “படிவம் நெரப்பறது எப்டின்னு.” பொழுதுபோக்கு வசதி என்ற தலைப்பின் கீழ் கேரம் பலகை இருந்தது. காசிநாதன் ‘உண்டு’ என்று எழுதிவிட்டு, காய்களை எண்ணி, ‘காய் பதினொன்று, ஸ்டிரைக்கர் இல்லை’ என்றும் சேர்த்தார்.

இந்தச் சுபாவம் உத்தியோகத்தால் வந்ததா, உத்தியோகம் இந்தச் சுபாவத்தால் வந்ததா என்று அவர் மனைவி பச்சையம்மாளுக்கே தெரியாது. “தாலி கட்டங்காட்டியும் வாச்ச பாத்தாரு இந்த மனுசன். முகூர்த்தம் தாண்டி ஏழு நிமிசமாம். இன்னிக்கும் சொல்லிக்கினு கீறாரு” என்பார். ரிஷிவந்தியம் பக்கம் கால்நடைக் கணக்கெடுத்த ஆண்டில், ஒரு வீட்டில் மூன்று மாடு என்று எழுதிக்கொண்டு நாலு கிலோமீட்டர் நடந்த பிறகு, அந்த வீட்டுப் பசு கன்று போட்டுவிட்டது என்று வழியில் ஒருவர் சொன்னார். திரும்பி நடந்தார். கன்று பிறந்தது கணக்கெடுத்த நேரத்துக்கு முன்பா, பின்பா என்று விசாரித்தார். பின்பு. திருத்த வேண்டியதில்லை என்ற நிம்மதியோடு மீண்டும் அதே நாலு கிலோமீட்டரை நடந்தார்.

இப்படி இருந்ததில் அவருக்கு ஒரு சொத்து சேர்ந்திருந்தது. இருபத்தெட்டு ஆண்டில் அவர் அனுப்பிய எந்தப் படிவமும் திரும்பி வந்ததில்லை. ‘விளக்கம் கோரப்படுகிறது’ என்று ஒரு மெமோ வாங்கியதில்லை. ஓய்வுக்கு இன்னும் ஐந்து மாதம். அந்த ஐந்து மாதத்தையும் ஒரு கறுப்புப் புள்ளி இல்லாமல் கடந்துவிட்டால் போதும் என்றிருந்தார்.

செப்டம்பர் 16, புதன்கிழமை மாலைப் பேருந்தில் அவர் கல்வராயன் மலைக்குப் போனார். மலைமேல் உள்ள ஓர் ஆஸ்பத்திரியில் இரண்டு இளம் டாக்டர்கள் இருந்தார்கள். ஊர்ப்பெயரைப் போட அவர் சம்மதிக்கவில்லை. கையேட்டில் ரகசியம் காக்கச் சொல்லியிருக்கிறது. ஒருவர், மலைக்கு மாற்றலாகும் முன் கீழே வேலை பார்த்தபோதே பேட்டி முடிந்துவிட்ட இட்லி சுபாஷ். இன்னொருவர் ஜெபீனா, இருபத்தாறு வயது, கள்ளக்குறிச்சியில் குடைக்கடை வைத்திருக்கும் சாதுல்லாவின் மகள். புதன் காலை எட்டு மணிக்குச் சுபாஷ் பொறுப்பை ஜெபீனாவிடம் ஒப்படைத்துவிட்டு ஒரு நாள் விடுப்பில் கீழே போயிருந்தார். வியாழன் காலை எட்டு மணிக்குத் திரும்பியிருக்க வேண்டும்.

வியாழக்கிழமை பேருந்து வரவில்லை. இடஒதுக்கீடு கேட்டு ஒரு வாரச் சாலை மறியல் தொடங்கியிருந்தது. கச்சிராயபாளையத்திலிருந்து அடிவாரம் வரை சாலையோர மரங்கள் குறுக்கே கிடப்பதாக, அவற்றைத் தாண்டி நடந்து வந்தவர்கள் சொன்னார்கள். எத்தனை மரம் என்று காசிநாதன் கேட்டார். ஆளுக்கொரு எண் சொன்னதால் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. மறியல் சரியா தவறா என்று ஆஸ்பத்திரிப் பணியாள் செவ்வந்தி கேட்டதற்கு, அது தம் படிவத்தில் இல்லை என்றார். கொஞ்சம் யோசித்து, “சாதிவாரியா யார் யார் எத்தன பேருன்னு கடசியா எண்ணுனது வெள்ளக்காரன் காலத்துல, முப்பத்தொன்னுல. ஒழுங்கா எண்ணிக்கினு வந்திருந்தா மரமாச்சும் மிச்சம்ங்க” என்றார்.

நர்ஸும் கீழே மாட்டிக்கொண்டிருந்தார். ஆக, மலைக்கு ஜெபீனாவும் செவ்வந்தியும்தான். ஜெபீனா ஒரு மணி நேரம் தூங்கினால் இரண்டு முறை எழுப்பப்பட்டார். வெள்ளிக்கிழமை சாயங்காலம், முப்பத்தாறாம் கேள்விக்கும் முப்பத்தேழாம் கேள்விக்கும் நடுவில், கண்ணைத் திறக்காமலே அவர் காசிநாதனிடம் தம் முடிவைச் சொன்னார். “மரத்த எடுத்ததும் கீழ போயிடுவேன் சார். எங்க அத்தா கடையில குடை விக்கிறேன். அங்க மழ பேஞ்சாதான் ஆளு வரும். இங்க எது பேஞ்சாலும் வந்துக்கினே கீறாங்க.”

முப்பத்தெட்டாம் கேள்வி, ‘தொடர்ந்து பணியில் இருந்த அதிகபட்ச நேரம் (மணியில்)’. எதிரே இரண்டு கட்டம்.

அந்த இரண்டு கட்டத்தைப் பார்த்ததும் காசிநாதன் பேனாவை மூடி வைத்தார். இரண்டு கட்டத்தில் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் எழுத முடியாது. கையேட்டைப் புரட்டினார். அரை மணியும் அதற்கு மேலும் இருந்தால் அடுத்த மணியாகக் கொள்க என்றது ஒரு பத்தி. புதன் காலை எட்டிலிருந்து கணக்கிட்டால், ஞாயிறு பகல் பதினொன்றரைக்கு ஜெபீனா நூறாகிவிடுவார். கூடுதலாகக் கட்டமோ கோடோ சேர்க்கும் கணக்கெடுப்பாளரிடம் விளக்கம் கோரப்படும் என்றது இன்னொரு பத்தி. கண்ணை மூடிக்கொண்டார். ஐந்து மாதம்.

சனிக்கிழமை மாலை கையேடே வழியும் காட்டியது. ‘ஆறு மணி நேரம் பொறுப்பிலிருந்து முழுமையாக விடுபட்டிருந்தால் தொடர்ச்சி அறுந்ததாகக் கருதப்படும்.’ பொறுப்பை வாங்கிக்கொள்பவர் யார் என்பது பற்றி அது எதுவும் சொல்லவில்லை. அரசு ஊழியராக இருந்தால் சரி என்று காசிநாதன் முடிவு செய்தார். செவ்வந்தி தினக்கூலி. மலைமேல் அப்போது இருந்த அரசு ஊழியர் வேறு யார்?

ஆறு மணி நேரம் பொறுப்பைத் தாம் வாங்கிக்கொள்வதாக அவர் சொன்னதும் ஜெபீனா முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பதற்கும் தெம்பு வேண்டும் என்று நிறுத்திக்கொண்டார். ஆபத்து என்றால் அந்த நொடியே எழுப்ப வேண்டும், இல்லாவிட்டால் சாவி தரமாட்டேன் என்றார். காசிநாதன் அதை நிபந்தனை ஒன்று என்று எழுதிக்கொண்டார்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பொறுப்பு மாற்றம் தொடங்கியது. கையெழுத்துப் போட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு டாக்டரைத் தூங்க அனுப்பியிருக்கலாம். எந்த மனிதனும் அதைத்தான் செய்திருப்பான். ஆனால் பொறுப்புப் பட்டியலில் நூற்று அறுபத்து மூன்று இனம் இருந்தது. பார்க்காத பொருளுக்குக் கையெழுத்துப் போட்டுக் காசிநாதனுக்குப் பழக்கமில்லை. கட்டில் ஆறு, சரி. வாளி ஒன்பது, அதில் கைப்பிடி இல்லாதது இரண்டு. ஊசி, கத்தரி, கிண்ணம், போர்வை. ஒவ்வொன்றையும் தொட்டு, எண்ணி, டிக் போட்டார். ஒப்படைக்கிறவர் கூடவே நிற்க வேண்டும் என்பது விதி. ஜெபீனா சுவரில் சாய்ந்துகொண்டு நின்றார்.

“சார், நீங்க எண்ணி முடிக்கங்காட்டியும் அம்மா பென்சன் வாங்கிடும்” என்றாள் செவ்வந்தி.

தெர்மாமீட்டர் நான்கு இருக்க வேண்டிய இடத்தில் மூன்றுதான் இருந்தது. நான்காவதைத் தேட முப்பத்தைந்து நிமிடம் போனது. அலமாரி, குப்பைக் கூடை, செவ்வந்தியின் சாப்பாட்டுத் தூக்கு வரை பார்த்தாயிற்று. கடைசியில், நின்றபடியே தூங்கிப்போன ஜெபீனா சுவரோரம் சரிந்தபோது அது அவருடைய கோட்டுப் பையிலிருந்து எட்டிப் பார்த்தது. காசிநாதன் டிக் போட்டார். மணி ஒன்பது இருபது. தொண்ணூற்றேழு மணி இருபது நிமிடத்தில் ஜெபீனா பொறுப்பிலிருந்து விடுபட்டு, பின்கட்டு அறையில் செருப்பைக்கூடக் கழற்றாமல் விழுந்தார். மூன்று இருபது வரை யாரும் எழுப்பாமல் இருந்தால் போதும்.

அன்று சந்தை நாள். சந்தைக்கு வந்தவர்கள் அப்படியே ஆஸ்பத்திரிக்கும் வந்தார்கள். டாக்டர் நாற்காலியில் மூக்குக்கண்ணாடியும் நரைத்த தலையுமாக ஒருவர் எழுதிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இத்தனை நாளும் ஒரு சின்னப் பெண்ணை அனுப்பி ஏமாற்றிக்கொண்டிருந்தவர்கள் இப்போதுதான் பெரிய டாக்டரை அனுப்பியிருக்கிறார்கள் என்று சனம் முடிவு கட்டியது. தாம் டாக்டர் இல்லை, பொறுப்பு மட்டும்தான் என்று காசிநாதன் ஒவ்வொருவரிடமும் சொன்னார். பெரிய டாக்டர்கள் அப்படித்தான் அடக்கமாகப் பேசுவார்கள் என்று அதற்கும் விளக்கம் கிடைத்தது.

சும்மா உட்கார்ந்திருக்க அவருக்குத் தெரியாது. வந்தவர்களை வரிசையில் உட்கார வைத்து, பெயர், வயது, ஊர், பிள்ளைகள், நிலம், ஆடுமாடு என்று எழுதத் தொடங்கினார். மருந்து மூன்று இருபதுக்கு மேல் என்று சொல்லியும் யாரும் எழுந்து போகவில்லை. இருமலோடு வந்த கந்தசாமி என்ற பெரியவர், தம் ஆடுகளைப் பற்றி மட்டும் பத்து நிமிடம் பேசினார். “இவ்ளோ நெதானமா விசாரிச்ச டாக்டரே இல்ல” என்று கும்பிட்டுவிட்டு வேப்ப மரத்தடியில் போய்ப் படுத்தார். இருமல் இருந்தபடியேதான் இருந்தது, மனக்குறை தீர்ந்துவிட்டது. குரல் உயர்ந்தபோதெல்லாம் காசிநாதன் உதட்டில் விரலை வைத்துப் பின்கட்டைக் காட்டினார். பின்கட்டில் கூவிய ஒரு சேவலைச் செவ்வந்தி துரத்திக்கொண்டு சந்தை வரை போய் வந்தாள்.

ஒரு மணி ஐந்து நிமிடத்துக்கு, மூங்கிலில் போர்வையைத் தொட்டிலாகக் கட்டி நான்கு பேர் தூக்கி வந்தார்கள். முன்னால் வந்தவர் இருசப்பன். தொட்டிலில் அவர் மனைவி கண்ணகி. முதல் பிரசவம். காலையிலிருந்து வலி, குழந்தையின் கால் முதலில் தெரிகிறது என்றார்கள் கூட வந்த பெண்கள்.

காசிநாதனின் கையில் பேனா இருந்தது. அனிச்சையாக, பெயர் என்ன என்று கேட்டுவிட்டார்.

“எங்க ஆட்ட எண்ணுனது போதும் சார்” என்றார், வரும்போதே ஆட்டுக் கணக்கு காதில் விழுந்திருந்த இருசப்பன். “அவள பாருங்க.”

காசிநாதன் பார்த்தார். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஜெபீனா தூங்கி மூன்று மணி நாற்பத்தைந்து நிமிடம் ஆகியிருந்தது. இன்னும் இரண்டேகால் மணி இருந்தால் தொடர்ச்சி அறுந்திருக்கும். எவ்வளவு நேரம் அப்படியே நின்றார் என்பதை அவரே பிற்பாடு எழுதி வைத்திருக்கிறார்: பதினொரு நொடி. அதை எழுதும்போது அவருக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் எழுதினார்.

பிறகு ஓடினார். அந்த மனிதர் ஓடி யாரும் பார்த்ததில்லை. ஒரு செருப்பு வராந்தாவிலும் இன்னொன்று படியிலும் நின்றுவிட்டன. “கட்டம் போச்சுங்க, எழுந்திருங்க” என்று பின்கட்டுக் கதவைத் தட்டினார். ஜெபீனாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் காசிநாதனுக்குப் பின்னால் நின்ற இருசப்பனின் முகம் விளங்கியது. தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு போனவர் ஒன்றரை மணி நேரம் அறையை விட்டு வரவில்லை. காசிநாதன் வெந்நீர் வாளியை வாசல் வரை கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். கைப்பிடி உள்ள வாளியா என்று பார்க்கவில்லை. இரண்டு நாற்பதுக்கு அழுகுரல் கேட்டது. பெண் குழந்தை. நேரத்தை மட்டும் அவர் சரியாகக் குறித்துக்கொண்டார். பேனாவைத் தலைகீழாகப் பிடித்திருந்ததால் முதல் முறை எழுத்து விழவில்லை.

அதன் பிறகு தொடர்ச்சியை அறுக்க அவர் எந்த வழியும் தேடவில்லை. திங்கள் போயிற்று. செவ்வாய் காலை, கால்சட்டையை முழங்கால் வரை மடித்து, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சுபாஷ் மலையேறி வந்து சேர்ந்தார். காசிநாதன் முதலில் கடிகாரத்தைப் பார்த்தார்: பத்து நாற்பது. அடுத்ததாக, வழியில் எத்தனை மரம் என்று கேட்டார்.

“மரத்த எண்ணவா சார் வந்தேன்? ஏறிக் குதிச்சிக்கினு வரங்காட்டியும் உசிரு போச்சு.”

ஏறிக் குதிக்கிறவர் கூடவே எண்ணவும் செய்யலாம், அதற்கென்று தனியாக மெனக்கெட வேண்டியதில்லை என்று காசிநாதனுக்குப் பட்டது. சொல்லவில்லை. சுபாஷ் நூற்று அறுபத்து மூன்று இனத்துக்கும் ஒரே கையெழுத்தாகப் போட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு வெளியே காத்திருந்தவர்களைப் பார்க்கப் போனார். அதையும் காசிநாதன் பொறுத்துக்கொண்டார்.

நூற்று நாற்பத்தாறு மணி, நாற்பது நிமிடம். கையேட்டின்படி நூற்று நாற்பத்தேழு. மூன்று இலக்கம்.

ஜெபீனா நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். மீதிக் கேள்விகளையும் முடித்துவிட்டால் போய்ப் படுக்கலாம். படிவத்தின் இரண்டு கட்டத்தையும், அதன் மேலேயே நின்றுவிட்ட பேனாவையும் பார்த்தார். விஷயம் அவருக்குச் சனிக்கிழமையே தெரியும்.

“தொண்ணூத்தொம்பதுன்னே போட்டுடுங்க சார். எந்த ஜென்மத்துல பாக்கப் போறாங்க? உங்களுக்கு எதுக்கு வம்பு.”

காசிநாதன் படிவத்தைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். மனத்துக்குள் கழித்துப் பார்த்தார்.

“நாப்பத்தெட்டு மணி நேரம் மிச்சம் வருதுங்க. ரெண்டு நாளு. அத எங்கங்க வெக்கிறது?”

“கீழ போடுங்க.”

“கண்ணகி கொழந்த நூத்தி மூணாவது மணியில பொறந்துதுங்க. தொண்ணூத்தொம்பதோட நிறுத்திட்டா, அது யாரு கையில பொறந்துது?”

ஜெபீனா முழங்கையை மேசையில் ஊன்றிக்கொண்டார். இருபத்தெட்டு ஆண்டில் முதல் முறையாகக் காசிநாதன் ஒரு கேள்வியைத் தாண்டி அடுத்ததற்குப் போனார். முப்பத்தொன்பது: மேற்கண்ட நேரம் தங்களுக்குச் சோர்வு தந்ததா? ஆம், இல்லை. அவர் அதைப் படித்து முடித்து நிமிர்ந்தபோது ஜெபீனாவின் தலை மேசைமேல் இருந்தது. கன்னத்துக்கடியில் ஸ்டெதஸ்கோப் அழுந்தியிருந்தது. பதில் சொல்பவர் வாயால் சொல்ல வேண்டும் என்பது விதி. கண்ணால் கண்டதை எழுதலாம் என்பதும் விதிதான். ‘ஆம்’ என்பதற்கு நேராக டிக் போட்டார்.

பிறகு முப்பத்தெட்டுக்குத் திரும்பினார். பையைத் திறந்து அடிக்கோலை எடுத்தார். அச்சிட்ட கட்டத்தின் அகலத்தை அளந்தார், ஆறு மில்லிமீட்டர். உயரத்தை அளந்தார், எட்டு. இரண்டு கட்டத்துக்கும் இடப்பக்கம், அதே அளவில், நான்கு கோடு இழுத்தார். மூலைகள் சேர்ந்திருக்கின்றனவா என்று கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். ஒன்று. நான்கு. ஏழு. புதுக் கட்டத்தின் ஓரத்தில், போட்டது யார் என்று எவரும் தேட வேண்டியிராதபடி, சுருக்கொப்பம் இட்டுத் தேதி போட்டார். மேசை அசையாமல் மை ஒற்றும் தாளை அதன்மேல் வைத்து, கட்டைவிரலால் ஒரு முறை அழுத்தினார்.